குதிரை வந்தது, கடன் போகலை

எங்க ஆச்சி சாகிற வரைக்கும் ஒரு குதிரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அதுக்குப் பேர் கிடையாது. செவலை என்பாள், அவ்வளவுதான். சண்டைக் காலம், அதாவது இரண்டாம் உலகப்போர் நடந்த வருசங்கள். பெட்ரோலுக்குப் பங்கீடு வந்துவிட்டது. பாலம் ஸ்டேஷன் என்று அப்போது சொல்லப்பட்ட இன்றைய திருநெல்வேலி ஜங்ஷனில் குதிரை வண்டிக்கு மவுசு கூடிவிட்டது. தாத்தா வயல் வேலையை விட்டுவிட்டு ஒரு குதிரையையும் வண்டியையும் நாள் வாடகைக்கு எடுத்தார். குதிரை அவருக்குப் புதுசு இல்லை. அவருடைய அப்பா பாளையங்கோட்டையில் ஒரு துரை வீட்டில் குதிரைக்காரராக இருந்தவர்.

ஆள் ஏற்றுவது தாத்தாவுக்குக் கட்டுப்படியாகவில்லை. ரயிலை விட்டு இறங்குகிறவன் வண்டியில் ஒரு காலை வைத்துக்கொண்டே கேட்பான்: எந்த ஊரு? எந்தத் தெரு? பதில் வந்ததும் அந்தக் காலை எடுத்துவிடுவான். ஆகவே சரக்கு ஏற்றினார். மூட்டைக்கு ஏது சாதி. அரிசி மூட்டை, வாழைத்தார், பருத்திப் பொதி என்று கிடைத்ததை ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய் வந்தார்.

இரண்டு மாசம்கூட ஆகவில்லை. பாலத்துக்குக் கிழக்கே இறக்கத்தில் செவலை முன்னங்காலை மடித்து விழுந்துவிட்டது. சாகவில்லை. எழுந்து நின்றது, நொண்டியது. குதிரைக்குச் சொந்தக்காரர் வந்தார். "ஏலே, குதிரையக் கெடுத்துட்டியேலே" என்றார். நூறு ரூபாய் என்று விலை வைத்தார். புரோநோட்டில் தாத்தாவின் கைநாட்டு வாங்கினார். குதிரையையும் வண்டியையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த நூறு ரூபாய்க்கு ரெண்டு கார், ரெண்டு பிசானம், ஆக நாலு போகம் தாத்தா அவருடைய வயலில் கிடந்தார்.

ஆச்சியின் கேள்வி இதுதான். "நொண்டிக் குதிரன்னு அவனுக்கு முன்னமே தெரியும்லா. லாடம் அடிக்கவரே சொன்னாவ, இதுக்கு அந்தக் காலு எப்பவுமே ஆகாதுன்னு. தெரிஞ்சிக்கிட்டே குடுத்தா குத்தம் ஆரு மேல?"

படிக்காத கிழவியின் புலம்பல் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகு சட்டப் புத்தகத்தைப் புரட்டியபோது அவளுடைய கேள்வி அதில் அச்சாகியே இருந்தது.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இல் வந்தது. அதில் 148ஆம் பிரிவு தொடங்கி ஒரு அத்தியாயம், ஒருவர் பொருளை இன்னொருவர் கையில் கொடுத்துத் திருப்பி வாங்குவதைப் பற்றியது. வெள்ளைக்காரன் சட்டம் எழுதும்போது பல பிரிவுகளுக்குக் கீழே எடுத்துக்காட்டு எழுதுவான். இந்த அத்தியாயத்தில் எடுத்துக்காட்டாகத் திரும்பத் திரும்ப வருவது குதிரை. முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் சொல்லாமல் ஒருவன் இரவல் கொடுக்கிறான். குதிரை மிரண்டு ஓடி, வாங்கினவன் விழுந்து அடிபடுகிறான். கொடுத்தவனே பொறுப்பு. இது 150ஆம் பிரிவு. அதே பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. வாடகைக்குக் கொடுத்திருந்தால், குறை இருப்பது கொடுத்தவனுக்குத் தெரியாது என்றாலும் அந்தக் குறையால் வந்த சேதத்துக்கு அவன்தான் பொறுப்பு. ஆச்சி தெரிந்து கொடுத்ததைப் பற்றித்தான் கேட்டாள். சட்டம் அவளைவிடக் கறாராக இருந்திருக்கிறது.

151, 152ஆம் பிரிவுகள் எடுத்தவன் பக்கம். சாதாரண புத்தியுள்ள ஒரு மனுசன் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வானோ அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அதுக்கு மேலே தனியாக ஒப்பந்தம் போட்டிருந்தால் ஒழிய, பொருள் கெட்டாலும் செத்தாலும் அவன் பதில் சொல்ல வேண்டியதில்லை. எல்லையை மீறினால் மட்டும் விசயம் மாறும். கல்கத்தாவில் காசிக்குப் போக என்று குதிரையை வாடகைக்கு எடுத்துவிட்டுக் கட்டாக்குக்கு ஓட்டினால், எவ்வளவு கவனமாக ஓட்டியிருந்தாலும், குதிரை விழுந்தால் ஓட்டினவன்தான் கட்ட வேண்டும். தான் ஏறுவதுக்கு மட்டும் என்று வாங்கிவிட்டு வீட்டு ஆளை ஏற்றினாலும் அப்படித்தான். இது 154ஆம் பிரிவு. ஏறிப்போக எடுத்த குதிரையை வண்டியில் பூட்டினால் 153ஆம் பிரிவுப்படி சொந்தக்காரர் ஏற்பாட்டையே முடித்துக்கொள்ளலாம். தாத்தா பூட்டினது வாடகை வண்டி, ஓட்டினது வாடகைப் பாதை. அந்த நூறு ரூபாயை அவர் கொடுத்திருக்கவே வேண்டாம்.

ஆனால் சட்டம் முன்சீப் கோர்ட்டில் இருந்தது. தாத்தா சேரியில் இருந்தார். நடுவே புரோநோட்டு இருந்தது. கைநாட்டு விழுந்த பிறகு அது குதிரை வழக்கு கிடையாது, வெறும் கடன். இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். வாடகைத் தகராறு என்றால் சொந்தக்காரரும் பதில் சொல்ல வேண்டும். கடன் என்றால் வாங்கினவன் மட்டும் சொன்னால் போதும். நம்ம ஆட்கள் பண்ணையில் சிக்கிய கதைகளைக் கேட்டுப் பாருங்கள், பாதிக் கதையில் முதலில் ஒரு பொருளோ மாடோ வரும், பிறகு ஒரு காகிதம் வரும்.

அந்த எடுத்துக்காட்டுகளில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கல்கத்தாவில் இருந்து காசி வரைக்கும் குதிரை நடக்கிறது, அதுக்குப் புல் வெட்டினவன் யாரும் இல்லை. துரைமார் வீட்டில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரன், ஒரு புல்லுவெட்டி என்று ரெண்டு பேர் இருந்தார்கள். சென்னை மாகாணத்தில் இந்த வேலைகளில் இருந்தவர்களில் நம்ம சனம் அதிகம். கொடுத்தவன், எடுத்தவன் என்று ரெண்டே பேர் சட்டத்தில். தேய்த்துக் குளிப்பாட்டிக் கொள்ளு வைத்தவன் அதில் வரவில்லை. குதிரை நொண்டினால் முதல் உதை மட்டும் அவனுக்கு.

ஆச்சி கோவிலுக்குப் போகிறவள். யாத்திராகமம் 22ஆம் அதிகாரம் அவளுக்கு மனப்பாடம். வாங்கின மிருகம் சேதப்பட்டால் யார் கொடுப்பது என்று அங்கே முறை வைத்திருக்கிறது. வாடகைக்கு வந்தது என்றால் அந்தச் சேதம் வாடகையோடு சரி, தனியாகத் தர வேண்டாம். காவலுக்கு விட்ட மிருகம் செத்துவிட்டால், காத்தவன் ஆண்டவர்முன் ஆணையிட்டுச் சொன்னால் போதும், உடையவன் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். உபதேசியார் வாசிக்கும்போதெல்லாம் ஆச்சி தலையை ஆட்டுவாளாம். மனுவின் எட்டாம் அத்தியாயத்தில் வேறு முறை. மாடு தானாகச் செத்தாலும் மேய்த்தவன் சொல் எடுபடாது. காதையும் தோலையும் வாலையும் உடையவனிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஒரு இடத்தில் மேய்த்தவனின் வாய்ச்சொல், இன்னொரு இடத்தில் செத்த மாட்டின் தோல்.

குதிரை செத்தால் யார் கொடுப்பது என்ற வழக்கு நம்ம தாமிரபரணிக் கரைக்குப் பழசு. ஆறு கடலில் விழுகிற பக்கம் காயல் துறைமுகம் இருந்தது. இன்றைய பழையகாயல், காயல்பட்டினம் பகுதி. பாண்டியர்கள் 13ஆம் நூற்றாண்டில் அரேபிய, பாரசீகக் குதிரைகளை இந்தத் துறையில்தான் இறக்கினார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோபோலோ, ராசா வருசத்துக்கு ரெண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்குகிறான், வருசம் முடிவதுக்குள் பெரும்பாலும் செத்துவிடுகின்றன என்று எழுதினான். குதிரை பேணத் தெரிந்த ஆள் இங்கே இல்லை, தெரிந்தவனை வியாபாரிகள் இங்கே வர விடுவதில்லை என்பது அவன் சொன்ன காரணம். குதிரை செத்தால்தானே அடுத்த வருசமும் விற்கலாம்.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒப்பந்தத்தையே எழுதி வைத்திருக்கிறார். கீஷ் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுத்தீன் வருசத்துக்கு 1400 குதிரை அனுப்ப வேண்டும், குதிரைக்கு 220 தினார். கப்பலில் வரும்போதே குதிரை செத்தாலும், அடிபட்டாலும், அதன் விலையைப் பாண்டியன் கருவூலம் கொடுத்துவிட வேண்டும். பார்க்காத குதிரைக்கு, கரை ஏறாத குதிரைக்குப் பணம். பெரிய இடத்துப் பெருந்தன்மை என்று இதை மெச்சி எழுதுகிற வரலாற்றுக்காரர்கள் உண்டு. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று வஸ்ஸாஃபே சொல்கிறார். இந்தக் கடற்கரைத் துறைமுகங்களுக்கு வந்த குதிரைகளின் விலை, கோயில் நிலங்களிலும் குளங்களிலும் இருந்து வந்த வருமானத்திலும், கோயிலைச் சேர்ந்த தேவரடியார்கள்மேல் போட்ட வரியிலும் இருந்து கொடுக்கப்பட்டதாம், கருவூலத்துக்குச் செலவே இல்லையாம். கோயில் நிலம் தானாக விளையாது. நாத்து நட்டது யார், குளத்தில் மராமத்துக்கு இறங்கினது யார் என்று குதிரை வரலாறு எழுதுகிறவர்கள் கேட்பதில்லை. கடலில் செத்த குதிரைக்கு வயலில் நின்றவர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள்.

இங்கிருந்து மேற்கே மலையைத் தாண்டினால் மலையாளம். அங்கே வாடகைக்கு விடப்பட்டது குதிரை இல்லை, ஆள். 1800, 1801 வருசங்களில் கம்பெனிக்காக மைசூர், மலபார் முழுக்கச் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன் அடிமைகளைக் கைமாற்றுகிற மூன்று முறைகளைக் குறித்து வைத்தார். ஜன்மம் என்றால் அறுதியாக விற்பது. காணம் என்றால் அடகு. அடிமையின் விலையில் மூன்றில் ரெண்டு பங்கு போலக் கடன் வாங்கிக்கொண்டு ஆளைக் கொடுப்பது, பணத்தைத் திருப்பினால் ஆளைத் திருப்பி வாங்குவது. பாட்டம் என்றால் வருச வாடகை. ஆணுக்கு எட்டுப் பணம், பெண்ணுக்கு அதில் பாதி. அடகில் இருக்கும்போது அடிமை செத்துவிட்டால், உடையவன் அதே மதிப்பில் இன்னொரு ஆளைக் கொடுக்க வேண்டும்.

காயல் குதிரைக்கு எழுதின சரத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். செத்தால் நட்டம் யாருக்கு என்பது மட்டுமே ரெண்டிலும் பேச்சு. ஏன் செத்தது என்று ரெண்டிலும் இல்லை. புக்கானனுக்கே பொறுக்கவில்லை. அடகும் வாடகையும் அருவருப்பான முறைகள் என்று எழுதினார். வேலை வாங்குகிறவனும் சோறு போடுகிறவனும் ஒரே ஆளாக இருந்து, ஆள் மட்டும் அவனுடையதாக இல்லாதபோது, வேலையைக் கூட்டிச் சோற்றைக் குறைப்பதில்தான் அவனுக்கு லாபம் என்று அவர் கண்டுகொண்டார். 1843ஆம் வருசத்து 5ஆம் சட்டம் அடிமை உரிமையை எந்தக் கோர்ட்டும் ஏற்கக் கூடாது என்றது. 29 வருசம் கழித்துத்தான் ஒப்பந்தச் சட்டத்தில் வாடகைக் குதிரைக்குப் பாதுகாப்பு எழுதினார்கள். வாடகைக்குப் போன மனுசனுக்கு அப்படி ஒரு அத்தியாயம் எழுதப்படவே இல்லை. இடையில் அவனைப் 'பொருள்' பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள், சரி. ஆனால் தாத்தா நாலு போகம் கிடந்ததுக்கு என்ன பேர்?

குதிரையை வாடகைக்குக் கொடுப்பேன், நான் ஓட்ட மாட்டேன் என்று ஒரு முறையும் இருந்தது. அதில் அடிபட்டவர் அண்ணல் அம்பேத்கர். 1929 அக்டோபர் 23. தீண்டப்படாதாரின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசாங்கம் போட்ட குழுவில் அவர் உறுப்பினர். துலியாவில் இருந்து திரும்பும் வழியில் சாலிஸ்காவ்ன் ஸ்டேஷனில் மகார் மக்கள் அவரைத் தங்கள் குடியிருப்புக்கு அழைத்தார்கள். டோங்காக்காரர் யாரும் அவரை ஏற்றி ஓட்டச் சம்மதிக்கவில்லை. பாரிஸ்டராக இருந்தால் என்ன? கடைசியில் ஒரு சமாதானம்: வண்டியும் குதிரையும் வாடகைக்கு, ஓட்டுகிற ஆளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மகார்களில் யாருக்கும் அது தொழில் இல்லை. தலைவர் நடந்து வருவதா என்று ஒருவர் கடிவாளத்தைப் பிடித்துவிட்டார். ஆற்றுப் பாலத்தின் மேலே சக்கரம் ஓரக் கல்லில் மோதி, அம்பேத்கர் கல் தளத்தில் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. தன்னுடைய நினைவுக்குறிப்பில் அவர் இதைப் பதறாமல், கிட்டத்தட்ட ஒரு வழக்குரைஞரின் அறிக்கைபோல எழுதியிருக்கிறார். என் கௌரவத்தைக் காப்பாற்றப் போய் என் உயிரை வைத்துப் பார்த்துவிட்டார்கள் என்று அந்த மக்கள்மேல் செல்லக் கோபமும் உண்டு.

ஒப்பந்தச் சட்டத்தின் 150ஆம் பிரிவில் பொருளின் குறையைச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. கொடுக்கிறவனின் குறைக்குப் பிரிவு இல்லை. அது வர 2015 ஆனது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை அந்த வருசம் திருத்தியபோது, கல்யாண ஊர்வலத்தில் தலித்துகள், பழங்குடியினர் குதிரை ஏறுவதைத் தடுப்பது குற்றம் என்று எழுத வேண்டியதாயிற்று. 2016 ஜனவரி 26 முதல் அது அமலில் இருக்கிறது. 2018 மார்ச்சில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் சொந்தக் குதிரை வைத்திருந்த ஒரு தலித் இளைஞன் கொல்லப்பட்டான். குதிரை ஏறியதுக்காகத்தான் என்று குடும்பம் புகார் கொடுத்தது.

நம்ம பக்கம் குதிரை போய் ரொம்ப நாளாகிவிட்டது. ஆனால் அதே வழக்கு ஆட்டிலும் மாட்டிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வாரத்துக்கு விடுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நிலமும் பணமும் உள்ளவன் கன்னுக்குட்டியையோ ஆட்டுக் குட்டியையோ வாங்கி நம்ம தெருப் பெண்களிடம் விடுவான். வரப்புப் புல் அறுத்து, கழனித் தண்ணி வைத்து அவள் வளர்ப்பாள். ஈத்துக்கு ஈத்து மாறி மாறிப் பங்கு, அல்லது வளர்ந்தபின் விலையில் பாதி. ஊருக்கு ஊர் கணக்கு மாறும். எழுத்து கிடையாது, வாய்ப்பேச்சுதான். கன்னுதான் அவள் கூலி.

ஈனுகிற வரைக்கும் தகராறு வராது. ஈன்ற பிறகு வரும். "வாரத்துக்குன்னு எவன் சொன்னான்? பாத்துக்கிடச் சொல்லில்லா விட்டேன்." இந்த ஒரு வார்த்தையில் மூணு வருசத்துப் புல் போய்விடும். நம் சட்டத்தின் 163ஆம் பிரிவில் எடுத்துக்காட்டு பசுமாடு. ஒருவன் பசுவை இன்னொருவன் பொறுப்பில் விடுகிறான், அது கன்று போடுகிறது, பசுவோடு கன்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாறாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் என்று ஒரு வார்த்தை முன்னால் இருக்கிறது. வாரம் என்பது அந்த மாறான ஒப்பந்தம். ஆனால் அதை யார் மெய்ப்பிப்பது? வாரப்பேச்சு நடந்தபோது திண்ணையில் இருந்தவர்கள் எல்லாரும் மாட்டுக்காரன் தெருக்காரர்கள்.

இங்கே 158ஆம் பிரிவை நம்ம பெண்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பொருளைப் பார்த்துக்கொண்டதுக்குக் கூலி எதுவும் இல்லை என்றால், அதுக்காக ஆன அவசியச் செலவை உடையவன் கொடுத்தே ஆக வேண்டும். வாரம் இல்லை, சும்மா பார்த்துக்கொள்ளத்தான் விட்டேன் என்று அவன் சொன்னால், சரி அய்யா, மூணு வருசத்துக்குப் புல்லு, பிண்ணாக்கு, வைத்தியச் செலவை வையுங்க என்று கேட்கலாம். வாரம் என்று ஒத்துக்கொள், இல்லாவிட்டால் தீவனக் கணக்கைத் தீர். ரெண்டில் ஒன்றுதான் அவன் சொல்ல முடியும். நான் பார்த்த ஒரு பஞ்சாயத்தில் ஒரு அக்கா இப்படிக் கேட்டாள். சட்டம் தெரிந்து கேட்கவில்லை, வயிற்றெரிச்சலில் கேட்டாள். அவளுக்கு ஒரு கிடாரி கிடைத்தது. 2011இல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு நாலு நாலு ஆடு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தபோது, எங்க ஊர்ப் பெண்கள் முதலில் சொன்னது ஒன்றுதான்: இது வாரம் இல்ல, குட்டி பூராவும் நமக்கு. இலவசம் என்று கேலி பேசினவர்களுக்கு இது விளங்காது.

செவலையின் கதையில் ஒரு மிச்சம் உண்டு. மூணு நாலு மாசம் கழித்து ஆச்சி டவுனுக்குப் போயிருக்கிறாள். தாத்தா அப்போது அந்த ஆளின் வயலில் முதல் பிசானத்துக்கு நாத்துப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பாலத்துமேலே எதிரில் ஒரு வண்டி வந்தது. பூட்டியிருந்தது செவலை. ஓட்டினது வேறு ஒருத்தர்.

"நல்லா நடந்திச்சி லே. வண்டி நிறைய மூட. அந்தாளுகிட்ட நின்னு கேட்டேன், என்ன வாடகைன்னு. உங்க தாத்தாட்ட வாங்குன அதே வாடகதான் வாங்குதான். வந்து இவர்ட்ட சொன்னேன். இவரு போயி, மொதலாளி, குருததான் சரியாப் போச்சே, அந்த நோட்டக் கிளிச்சிப் போடுங்கன்னு கேட்டிருக்காவ. அதுக்கு அவன் சொல்லுதான், குருத வேற, நோட்டு வேறடான்னு. இவரு திரும்பி வந்து மம்பட்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாவ. இன்னும் மூணு போகம் இருந்துச்சி."